வாரிசுத் தாளில் உன் பெயர்

மகளுக்கு,

ஒருவழியாக நம் காட்டு வீட்டுப் பக்கமும் கரண்டுக் கம்பம் நட்டுவிட்டார்கள். வீடு இன்னும், பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் போன உன் அப்பா பெயரிலேயே இருக்கிறது. இணைப்புக்கு வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

தாலுகா ஆபீசுக்கு நான்கு நாள் அலைந்ததில் முழங்கால் ஓய்ந்துவிட்டது. "பிள்ளைக எத்தன ஆத்தா?" என்றார் கிளார்க். நீ உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிப் போனதிலிருந்து ஊருக்குச் சொல்வதையே சொன்னேன்: "மகன் ஒருத்தன்தான்."

"பொய் சொன்னா பல்பு எரியாது ஆத்தா" என்று எல்லாரிடமும் சொல்வதுபோலச் சிரித்தார்.

"மகளும் இருக்கா. எழுதிக்கிடுங்க" என்றேன். கூட வந்திருந்த உன் அண்ணன் என்னையே பார்த்தான்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினாலும் போதுமாம். சாத்தூரிலிருந்து நம் ஊருக்குப் பத்தரை மணிக்கு ஒரு பஸ் உண்டு. பேத்தி மடியில் உட்காரும் வயசா, தனி சீட் கேட்கும் வயசா, எனக்குத் தெரியவில்லை.

உன்னைப் பெற்றவள்