கூப்பிடும் பக்கம், எடுக்கும் பக்கம்

லோதி ரோடு அலுவலகத்தில் பழைய சாமான் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தூசுக்குள் கைவிட்டு ஒரு மோடத்தை இழுத்தேன். அதன் முதுகில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘கூப்பிடும் பக்கம்’. ஒட்டும்போது நீ சொன்னது அப்படியே காதில் விழுந்தது. “தமிழ்ல எழுதிருவோம்ட்டி. ஒரு பயலும் கை வைக்க மாட்டான்.” உரித்துப் பார்த்தேன், வரவில்லை. உன்னைப் போலவே பிடிவாதம்.

நீ சிம்லா கிளையில் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. உன் சின்னஞ்சிறு மகள் இங்கே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அப்பாவோடு இருந்தாள். டெல்லி, சிம்லா அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைத்த லைன் மழைக்கும் அறுந்தது, பனிக்கும் அறுந்தது. அறுந்தால் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீ. உனக்கு மாற்றல் கேட்டு நான் போய் நின்றபோது டைரக்டர் சொன்னார்: “அச்சா மேடம், மொதல்ல ஆள் இல்லாம லைன் தானா ஓடிக் காட்டட்டும். ஜல்தி ஆர்டர் போட்டுடறேன்.”

லைன் அறுந்தால், கம்ப்யூட்டர்களை லைனோடு சேர்க்கும் ரௌட்டர் பெட்டியே மோடம் வழியாகச் சாதாரண டெலிபோனில் மறுபக்கத்து ரௌட்டரைக் கூப்பிட்டுக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தோம். இங்கே நான், அங்கே நீ. எது முதலில் கவனிக்கிறதோ அது கூப்பிடட்டும் என்று இரண்டிலும் மற்றதன் நம்பரைப் போட்டோம். தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டுமே பிரமாதம். நமக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

டைரக்டர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் நான் லைனைப் பிடுங்கினேன். மோடம் டயல் செய்தது. எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. “க்யா ஹுவா மேடம்?” என்றார். உன்னிடம் கேட்கலாமென்று மேஜை போனை எடுத்து அடித்தால் அங்கேயும் எங்கேஜ்டு. உன் மாற்றல் என் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. விடாமல் அடித்தேன். ஒருவழியாக நீ எடுத்தாய்.

“நீ எனக்கு அடிக்க, நான் ஒனக்கு அடிக்க, யாருட்டி எடுக்கது? அதான் நான் வச்சுட்டு உக்காந்திருக்கேன்.”

சொல்லிவிட்டு நீயே நிறுத்தினாய். நம் ரௌட்டர்களும் இதைத்தானே செய்துகொண்டிருந்தன! லைன் போனதை இரண்டும் ஒன்றாகக் கவனித்து, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.

“என் பக்கத்துல நம்பரத் தூக்கிட்டேன். இது இனி எடுக்க மட்டும்தான் செய்யும். ஒன்னோடத கூப்பிடச் சொல்லு.”

மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, பச்சை விளக்கு நின்று எரிந்தது. டைரக்டர் “ஷாபாஷ்” என்றார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். நீ டெல்லி திரும்பியதும் செய்த முதல் வேலை இந்தச் சீட்டை ஒட்டியதுதான்.

அதன்பிறகு நமக்குள்ளும் அதே சட்டம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நீ திருநெல்வேலிக்குப் போன பின்னும், ஞாயிறு காலை காபி முடிந்ததும் நான்தான் கூப்பிடுவேன். நீ ஒரு தடவைகூட முந்தியதில்லை.

நீ இறந்துபோன செய்தியை உன் வீட்டுக்காரர் ஒரே வரியில் அனுப்பியிருந்தார். குர்கானில் இருக்கும் உன் மகளை உடனே கூப்பிட்டேன். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. புரிந்துவிட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக நான் காத்திருந்தேன். மணி அடித்தது.

“அம்மா எப்பவும் சொல்லுவா, ஆன்ட்டிதான் கூப்பிடுவாங்க, நீ வெயிட் பண்ணுன்னு. லேகின் இன்னிக்கு என்னால முடியல ஆன்ட்டி.” இருவரும் வெகுநேரம் அழுதோம்.

சீட்டு உரிய மறுத்ததால், அனுமதி கேட்டு மோடத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் உன் மகளைக் கூப்பிடுகிறேன். அவளுக்கு உன் ‘ட்டி’ வராது, பேச்சில் பாதி ஹிந்தி. பரவாயில்லை, நன்றாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் சட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டேன். காபி முடிந்த உடனே கூப்பிடுவதில்லை. சற்று நேரம் போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு அம்மா ஞாபகம் வந்து கூப்பிட்டால், என் பக்கம் எங்கேஜ்டாக இருக்கக் கூடாது.