மூன்றாம் நாள் மோர்

3.2.67
நான் நஞ்சு காய்ச்சுவதாகக் கூட்டுறவுச் சங்கக்கடையில் பேச்சு. பிழை. காய்ச்சவில்லை, பிரிக்கிறேன்.
வாடைக்காற்று. நல்ல தண்ணீர் இரண்டு குடம்.
கார்த்திகைக் கிழங்கை உப்பு மோரில் ஏழு நாள் ஊறவைத்து, தினமும் மோரை மாற்றினால் நஞ்சு இறங்கிவிடும். நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரிமார் வழக்கம். பழைய மோரைக் கொட்டிவிடுவார்கள். இறங்கியது எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. மோரில்தான். ஆராய்ச்சிக்காகக் கொழும்புப் பல்கலைக்கழக விரிவுரையாளர் கேட்பதும் அந்த நஞ்சையே: தனியாக, தூயதாக.
வேண்டியவை: வடிதாள், ஸ்பிரிட், சட்டிகளுக்கு லேபல்.

4.2
கிழங்கு ஊறப்போட்டாயிற்று. ஒவ்வொரு நாள் மோருக்கும் தனிச் சட்டி. லேபல் ஒட்டியாயிற்று. ஆங்கிலத்தில், கன்னியர்மடப் பள்ளியில் பழகிய கையெழுத்தில். கொட்டிலில் பூனை. சட்டிகளைக் குசினி அடுப்படிக்கு மாற்றினேன்.
பரிமளம் வந்தாள். என் கணவரின் தங்கை, பக்கத்து வளவு வீடு.
"மச்சாள், பரியாரியார் உங்களுக்குப் பயந்து கடையைப் பூட்டப் போறாராம்."
"பூட்டட்டும்."

6.2
கடும் வெயில். கோயிலால் திரும்பி வந்தேன். குசினியில் பரிமளம், கையில் வெறுஞ்செம்பு.
"நல்ல புளிச்ச மோர், மச்சாள். உப்புத்தான் கொஞ்சம் கூட."
மூன்றாம் நாள் சட்டி.
"எழுதி ஒட்டியிருக்கிறதைப் பார்க்கேல்லையோ?"
"எனக்கு இங்கிலீசு தெரியுமே? ஊறுகாயாக்கும் எண்டு நினைச்சன்."
"தொண்டைக்குள்ள விரலை விட்டுச் சத்தி எடும்."
"மோருக்கோ?" சிரித்தாள். எடுக்கவில்லை.
பழுதான மோர் என்று மட்டும் சொன்னேன். நஞ்சு என்ற சொல் வாயில் வரவில்லை. சங்கக்கடைக்குக் கேட்டுவிடும்.

7.2
விடியமுதல் சத்தி, வயிற்றோட்டம். காரில் ஆசுபத்திரி. டொக்டர் கேட்டார்: "என்ன சாப்பிட்டனீங்கள்?" பரிமளம்: "மீன்தான் பழுது போல." நான் பக்கத்தில் நின்றேன்.
சட்டிகளை எல்லாம் கிடங்கு வெட்டிப் புதைத்தேன்.

11.2
வீட்டுக்கு விட்டார்கள். கஞ்சி குடிக்கிறாள். கால் விறைக்கிறதாம். "உங்கட கைக்கஞ்சிதான் மச்சாள் இறங்குது." என் கையால்.

16.2
தலை வாரிவிடக் கூப்பிட்டாள். சீப்போடு கொத்தாக வந்தது. மறுபடி வாரினேன், மறுபடியும். மடியில் மறைத்தேன்.
"என்ன மச்சாள், சத்தமில்லை?"
"சிக்கு."
பழுது மீன் தின்று மயிர் கொட்டாது.

17.2
விரிவுரையாளருக்கு எழுதிய கடிதம், பிரதி:
கார்த்திகைக் கிழங்கு ஊறிய மூன்றாம் நாள் மோர், ஒரு செம்பு. பெண், வயது ஐம்பத்திரண்டு. பத்தாம் நாள் மயிர் கொட்டுகிறது, கால் விறைப்பு. பிழை என்னுடையது. இங்குள்ள டொக்டரிடம் இன்று போய் நானே சொல்கிறேன், ஆனால் அவர் இதற்குமுன் இதைக் கண்டிருக்கமாட்டார். இனி என்ன வரும், என்ன செய்யலாம்? அவருக்குக் காட்ட, தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.