உசிலம்பட்டிக்கு இரண்டாவது அழைப்பு

14 ஜூலை, திங்கள்

உறுதியானது: பேரன் ஜூடுவின் முதல் பிறந்தநாள் விருந்துக்கான கார்டை உசிலம்பட்டியில் சம்பந்தி விருமாண்டி வாங்கிக்கொண்டார். தகவல்: அவர் மகன், என் மருமகன் அசோக்குமார்.

"டிவி மேல வச்சுட்டாரு மாமா. வாரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல."

நவம்பரில் ஞானஸ்நான விருந்துக்கும் இப்படித்தான், வரவில்லை. கோயில் கும்பிடுகிறவர், சர்ச் விருந்து பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினோம். இதற்கும் வராவிட்டால் மூன்றாவதாகக் கூப்பிட முகம் இருக்காது.

19 ஜூலை

ஜூடுவின் அம்மா, என் மகள் ரூத்தின் ஆய்வேட்டுக்குப் பிழை திருத்தினேன். அத்தியாயத் தலைப்பைப் படித்து முடிக்கவே ஒரு டீ ஆயிற்று. சுவிசேஷத்தின் பெரிய விருந்து உவமை. மானிடவியல்காரர்கள் சோற்றைப் பார்ப்பதில்லையாம். யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பார்களாம். அந்தக் காலத்தில் அழைப்பு இரண்டு. முன்கூட்டி ஒன்று. சமையல் ஆனதும் ஆள் நேரில் போய் இன்னொன்று. அது வராமல் கௌரவமானவர் கிளம்ப மாட்டார்.

"பாவம், போன் இல்லாத காலம்" என்றேன்.

"நக்கலா? பிழைய மட்டும் பாருங்கப்பா."

பக்கத்துக்கு நாலு பிழை.

20 ஜூலை

நவம்பரில் உசிலம்பட்டிக்கு நேரில் போனது யார்? — ஒருவரும் இல்லை.

21 ஜூலை

நவம்பரில் அப்பா ஏன் வரவில்லை என்று அசோக்குமாரை அவன் அம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.

"அன்னைக்கு வெள்ள வேட்டி கட்டி உக்காந்திருந்தாராம் மாமா. கூப்பிட ஆள் வரும்னு மூணு மணி வரைக்கும் பாத்துட்டு, பழைய சோறு சாப்டாராம்."

"நீ கூப்பிடலயா மாப்ள?"

"போன்ல கூப்பிட்டேன். பெத்த மகன் கூப்பிட்டா அது அழைப்பாடான்னு அம்மா என்னைய ஏசுது."

முப்பத்திரண்டு வருடம் பத்திரிகை நிருபராக இரு தரப்பையும் கேட்டு எழுதியவன். சம்பந்தியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லையே! கார்டைக்கூட மாப்பிள்ளை கையில்தான் கொடுத்தனுப்பினேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

குழம்பை இறக்கியாச்சு என்று ரூத் சொன்ன பிறகுதான் கே.கே. நகர் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தேன். போய்ச் சொல்வது பொய்யாகிவிடக் கூடாது.

உசிலம்பட்டி, 11.20. சம்பந்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி.

"சமையல் ஆயிருச்சு சம்பந்தி. வாங்க."

மேலும் கீழும் பார்த்தார்.

"கே.கே. நகர்ல இருந்து நடந்தா வந்தீக? ஒம்பது மாசம் ஆயிருக்கே!"

செருப்பைக் கழற்றினேன்.

"உக்காருங்க. துண்டு எடுத்துட்டு வாரேன்."

இதை அதே நாற்காலியில் எழுதுகிறேன். உள்ளே பீரோ திறக்கும் சத்தம்.

உறுதியாகாதது: பந்தியில் என் பக்கத்தில் உட்காருவாரா. ஒன்றரை மணிக்குத் தெரியும்.