செல்வியின் கையில் கேமரா

ஆவணி 14, வெள்ளி இரவு

மகளின் வளைகாப்புக்கு வீடியோ கேமரா வாங்க இன்று நானும் என் மனைவி செல்வியும் அரியலூர் போனோம். படம் பிடிக்கப்போவது அவள்தான். அதனால் எது வேண்டுமென்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்காரர் ஒரு கேமராவைப் பெரிய டிவியோடு இணைத்து என்னிடம் கொடுத்தார். தெருவில் போன பஸ்ஸின் பெயர்ப்பலகைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. பிறகு செல்வி வாங்கிப் பிடித்தாள். டிவியில் கடையே நடுங்கியது. கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று திரும்ப வாங்கிப் பார்த்தேன். படம் அசையவே இல்லை.

"அக்காவுக்கு இதக் குடுங்க சார். கை எவ்வளவு ஆடுனாலும் படம் ஆடாது" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினார். அதையே வாங்கினோம்.

பஸ்ஸில் கேட்டேன். "எத்தன நாளா இப்புடி இருக்கு?"

"தை மாசத்துலேந்து இருக்குங்க. வளகாப்பு முடியட்டும், அப்பறம் டாக்டர்கிட்ட போலாம்."

"நாளைக்கே போறோம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தை மாதத்திலிருந்து அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் என்ன சொல்வாரோ. மகளிடம் இப்போதே சொல்வதா வேண்டாமா என்றும் புரியவில்லை.

செல்வி தூங்குகிறாள். தூக்கத்தில் அந்தக் கை ஆடவில்லை. அது நல்லதா கெட்டதா, தெரியவில்லை. எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.