கண்ணாடி போட்ட பெண்டோபோ

2023 பிப்ரவரி 6, திங்கள். யோக்யகர்த்தா

கட்டடக்கலைத் துறைக் கூட்டம். பெண்டோபோவை மூடப்போகிறார்கள். நான்கு பக்கமும் திறந்த மண்டபம். சூடு கூரை உச்சி வழியாகப் போய்விடும். விசிறிகூடக் கிடையாது. ஆனால் வளாகத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்கு மின்சாரச் சேமிப்பைக் காட்ட வேண்டும். மின்சாரமே எடுக்காத இடத்தில் எதைச் சேமிப்பது? அதனால் கண்ணாடி போட்டு, குளிரூட்டி வைத்து, பிறகு அதைச் சிக்கனமாக ஓட்டப்போகிறோம்.

எதிர்த்தது நான் மட்டும். துறைத்தலைவன் ஹெர்லாம்பாங் என் வகுப்புத் தோழன். "லாஸ்திரி, நீ இன்னும் எண்பத்தாறுலயே இருக்க," என்றான்.

பிப்ரவரி 7

ஆமாம், இருக்கிறேன். மாணவர்களாக அந்தத் தரையில் குப்புறப் படுத்துதான் வரையக் கற்றோம். மதியத்தில் மெராபி எரிமலைப் பக்கத்துக் காற்று இறங்கும்; எல்லாரும் ஒரே நேரத்தில் முழங்கையைத் தாள்மேல் வைப்போம். ஹெர்லாம்பாங் வரைந்தபடியே தூங்கிவிடுவான். கன்னமெல்லாம் மை.

ஜூலை 19

கண்ணாடி வந்துவிட்டது. ஒரே வாசல், தானே நகரும் கதவு. ஓய்வுபெறும்வரை அந்தப் பக்கம் போகாமலே இருந்துவிடலாமா?

ஆகஸ்ட் 22

போனேன். தரையில் உட்காரும் மாணவப் பிள்ளைகள் செருப்பை வெளியே விடுகிறார்கள். முன்பு நான்கு பக்கப் படிகளிலும் சிதறிக் கிடக்கும். இப்போது அத்தனையும் ஒரே வாசலில். கதவு செருப்பில் இடித்துப் பாதியில் நிற்கிறது. குளிர் முழுவதும் தோட்டத்துக்கு.

செப்டம்பர் 14

மின்சாரக் கணக்கைப் பார்த்து மேலிடத்தில் கத்தியிருக்கிறார்கள். ஹெர்லாம்பாங் பிள்ளைகளை வாசலில் கூட்டினான். "இனிமே செருப்போடவே உள்ள போங்க."

"நாங்க படுக்கிற தரையாச்சே, பாக்," என்றாள் அவனிடம் மாணவி த்யாஸ். "நீங்க முன்னால போங்க. பின்னாலயே வர்றோம்."

போனான். வாசலில் நின்று, பேசிக்கொண்டே, காலணியைக் கழற்றினான். பிள்ளைகள் சிரிக்கவில்லை, மரியாதை. அவனே தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"தொலையட்டும் போ," என்றான் என்னிடம்.

நவம்பர் 8

கண்ணாடியைக் கழற்றியாயிற்று. சான்றிதழ் போனது போனதுதான். ஹெர்லாம்பாங் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மாலையில் மழை. சாரல் உள்ளே அடிக்க, பிள்ளைகள் தாள்களை நடுவுக்கு இழுத்துக்கொண்டு நெருக்கியடித்தார்கள். "இபு, பாக், கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், இடம் பத்தல," என்றாள் த்யாஸ்.

நானும் ஹெர்லாம்பாங்கும் ஓரத்துக்கு நகர்ந்து நின்றோம். முதுகு நனைந்தது.