இறங்கினால் ஏற முடியாது

பூனாகலை,
1924 ஆவணி 12

என் பெண்சாதி இராக்கம்மாவுக்கு இராமையா எழுதுவது. நான் சுகம். அங்கே நீயும் உன் தாயாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டும் மச்சான் ஒரு வரியையும் விடாமல் வாசிக்கவும்.

மச்சான் கடிதம் கிடைத்தது. கால் போனவனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை, ஊருக்கு வந்துவிடட்டும் என்று நீ சொன்னதாக எழுதியிருந்தார். நீ சொன்னாயா, அவராக எழுதினாரா, தெரியவில்லை. பாறை உருண்டு கணுக்கால் நசுங்கிய பிறகு, நீ என்னைத் தாங்கித் தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கக் கூட்டிப்போவதை லயத்து வீட்டுச் சனமெல்லாம் பார்த்து நின்றது. அது பொறுக்காமல் உன்னைக் கப்பலேற்றியவன் நான்தான்.

இப்போது எனக்குத் தபால் வேலை. பண்டாரவளையில் சைக்கிள் பழுது பார்க்கும் லத்தீப் பாய் பழைய வண்டி ஒன்றைக் கொடுத்தார். இரண்டு மாதம் விழுந்து எழுந்து பழகினேன். ஊன்றி நடக்கத்தான் இந்தக் கால் ஆகாது, மிதிக்க ஆகும். காலையில் பண்டாரவளைத் தபாலாபீசுக்கு ஒன்பது மைல் போய், பையோடு மத்தியானம் திரும்பிவிடுகிறேன். முன்பிருந்தவர் நடந்து வரப் பொழுது சாயும். அதனால் துரை என்னை வைத்துக்கொண்டார். வண்டியில் போகும்போது வழியில் யாருக்கும் நான் நொண்டி என்று தெரியாது.

ஒரு வில்லங்கம் வந்தது. பெரிய கங்காணி கணபதி வீட்டு வளைவில் போகிறவர்கள் குடையை மடக்கி, தோள் துண்டை இறக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சைக்கிளை விட்டும் இறங்கச் சொன்னார். இறங்கினால் திரும்ப ஏற எனக்கு ஒரு மேடு வேண்டும். அங்கே மேடு இல்லை. அரை மைல் தள்ளி மதகுச் சுவர் வரை வண்டியோடு நொண்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு மாதம் போனேன். திங்கட்கிழமை இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில், எல்லார் முன்னும் கங்காணி, "நொண்டிக்குத் தேர் கேக்குதோ? இன்னைக்கு எறங்காம போ, பேரை வெட்டுறேன்" என்றார். மத்தியானம் நடுரோட்டில் நின்றார். பிரேக் பிடித்து, விழாமலிருக்கக் கைக்கு எட்டியதைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் அது அவர் தோள் என்று உறைத்தது. "கொஞ்சம் அசையாம நில்லுங்கய்யா, எறங்குனா ஏற முடியாது" என்றேன். என்ன நினைத்தாரோ, அசையாமல் நின்றார். அந்தத் தோளிலேயே ஊன்றித் தள்ளிப் போய்விட்டேன். மேலே கொழுந்தெடுத்த அங்கம்மா, "கங்காணிய மதகுச் செவராக்கிட்டியேண்ணே" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். கங்காணி காலில் விழு என்கிறார்கள் சிலர்.

நேற்று அந்த வளைவில் ரோட்டோரமாக ஒரு கல் கிடந்தது. இரண்டு ஆள் இல்லாமல் புரட்ட முடியாத கல், நான் ஊன்றி ஏற அளவான உயரம். யார் போட்டது என்று கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. இன்று கங்காணி வீட்டு முன் மரியாதையாக இறங்கி, அந்தக் கல்லில் ஊன்றி ஏறினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேரை இன்னும் வெட்டவில்லை. மாதக் கடைசியில் என்ன செய்வாரோ தெரியாது.

அந்தக் கல்லைப் போட்டவர்களை விட்டு நான் ஊருக்கு வர மாட்டேன். நீ வா. தலைமன்னாரிலிருந்து ரயில் உண்டு. பண்டாரவளை ஸ்டேஷனில் நிற்பேன். வர மனமில்லை என்றாலும் உன் வாயால் சொல்லி எழுதச் சொல். தபால் பை பூட்டியிருக்கும், துரைதான் திறப்பார். நீ என்ன சொன்னாய் என்று தெரியாமலே ஒன்பது மைல் அதைச் சுமந்து வருவேன்.

முருகன் உன் கூட இருக்கட்டும்.

இராமையா