தலைமாட்டுப் பலகை

ஜங்லிகாட்,
12.2.2012

அன்புத் தங்கச்சி அகிலாவுக்கு,

அண்ணன் கோவிந்தராஜ் எழுதுவது. நாங்கள் சுகம். உன் அண்ணி ருக்குவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் கல்யாணக் கட்டிலைக் கப்பலில் ஏற்றிவிட்டேன். கேம்பல் பே ஜெட்டியில் உதயசூரியனை வந்து நிற்கச் சொல். மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே சுமை தூக்கிப் பழகட்டும்.

பார்த்ததும் திட்டாதே. எல்லாம் உடைந்த படகுகளின் பலகை. நீலம், சிவப்பு, பச்சை என்று பழைய நிறத்திலேயே விட்டிருக்கிறேன். இப்போது பட்டறையில் இந்த வேலைதான் ஓடுகிறது. ஹேவ்லாக் தீவு ரிசார்ட்காரர்கள் புது மரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உரிந்த பெயிண்டைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அதனால் நான் இழைப்புளியைத் தொடுவதே இல்லை. கழுவி, அறுத்து, பூட்டுவதோடு சரி. வார்னிஷ் வாடை உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அதையும் பூசவில்லை.

ராஜமாணிக்கம் மச்சான் சுனாமியன்று காலை டிங்கிப் படகோடு கடலுக்குப் போனவர். புருஷன் வருவார் என்று இத்தனை வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கருமாதிகூடச் செய்ய விடவில்லை. இப்போதாவது உதயசூரியனுக்குச் சரி என்றாயே, எனக்கு அதுவே போதும். வைகாசியில் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

அன்புடன்,
கோவிந்தராஜ்

கேம்பல் பே,
9.3.2012

அன்புள்ள அண்ணனுக்கு,

அகிலாவின் வணக்கம். அண்ணியின் காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு, வாயை விட்டுவிடு. போனில் டவர் கிடைத்தாலும் இதைக் கத்திச் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

கட்டில் வந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா, "ஹோலி விளையாண்ட மாதிரி இருக்குடி" என்றாள். அன்று முழுக்கச் சிரித்தோம்.

தலைமாட்டில் பச்சைப் பலகை வைத்தாயே, அது கடல் காற்றுக்கு உரிகிறது. அடியில் மஞ்சள் தெரிந்தது. முதலில் ஒரு விரல் நுனி, மறுநாள் இன்னொன்று. இப்போது முழு உள்ளங்கையும் வந்துவிட்டது, விரல்கள் மேலே பார்த்தபடி. மோதிர விரல் பாதிதான் இருக்கிறது அண்ணா.

இஞ்சின் பெல்ட்டில் மாட்டி உன் மச்சானுக்குப் போன விரல் அது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் படகுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால், இவர் மஞ்சள் பெயிண்டில் கையை முக்கிப் படகின் உள்பக்கம் அப்புவார். "சாமிக்கு என் அட்டெண்டன்ஸ்" என்று சொல்லிச் சிரிப்பார். நீயும் பார்த்திருக்கிறாய்.

என் கையை அதன்மேல் வைத்தேன். நல்ல வெயில் நேரம், பலகை ஈரமாக இருந்தது.

இந்தப் பலகை உனக்கு எங்கே கிடைத்தது? அவர் கையை மறைத்துப் பச்சை அடித்தது யார்? படகு கரை சேர்ந்திருந்தால் அவரும் சேர்ந்திருப்பார் இல்லையா? அவர் எங்கோ உயிரோடு இருக்கும்போது நான் எப்படி இன்னொருவருக்குக் கழுத்தை நீட்டுவேன்? விசாரித்து எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

உன் தங்கை,
அகிலா

ஜங்லிகாட்,
2.4.2012

அன்புள்ள அகிலா,

பலகை விற்றவர்களைத் தேடி ரங்கத் ஊர் வரைக்கும் போனேன். பஸ்ஸில் இடுப்பு கழன்றுவிட்டது. பெரியதம்பி என்று ஒருவர், இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவர் முற்றத்திலேயே நின்றுவிட்டார். அவர் மனைவி தங்கம்மாதான் சொன்னார்.

"ஆளு யாரும் இல்லீங்க தம்பி. சுனாமிக்குப் பொறகு உப்பங்கழி ஓரமா கவுந்து கெடந்துச்சி. நாங்கதான் தூக்கி நிமித்தி ஓட்டுனோம். அந்தக் கையப் பாத்து இவரு பயந்துபோய்ப் பச்சப் பெயிண்ட் அடிச்சாரு. எத்தன வாட்டி அடிச்சாலும் மேல வந்துரும். கடசியில கடலுக்கே போவ மாட்டேன்னுட்டாரு. ஒடச்சு வித்துட்டோம்."

ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன். மச்சான் உயிரோடு இல்லையம்மா. படகு ஆளில்லாமல்தான் வந்திருக்கிறது. தர்ப்பையில் உருவம் செய்து முறையாகக் காரியம் முடித்துவிடலாம், அவரும் நிம்மதியாகப் போகட்டும். அந்தப் பலகையை உதயசூரியனை விட்டு அறுத்தெடுத்து எரித்துவிடு. அவரும் மனைவியை அதே அலையில் கொடுத்தவர், உன் மனசு அவருக்குப் புரியும்.

கோவிந்தராஜ்

கேம்பல் பே,
26.4.2012

அண்ணா,

உதயசூரியன் ரம்பத்தோடு வந்தார். "அரே, வெறும் லக்கடி, மரக்கட்டைதானே அகிலா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். ரம்பத்தின் பல் பட்டதும் பலகையிலிருந்து தண்ணீர் கசிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. ரம்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அழுதார். நல்ல மனிதர்தான்.

ஆளில்லாத படகு என்று எழுதினாய். ஆள் இருக்கிறார் அண்ணா. பச்சை இன்னும் உரிகிறது. உள்ளங்கைக்குக் கீழே மணிக்கட்டு வந்தது, நான் கட்டிய காசிக் கயிறோடு. இன்று காலை முழங்கை வரைக்கும் தெரிகிறது. எனக்குப் பயமே இல்லை. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறேன். காரியம் எதுவும் செய்துவிடாதே.

அகிலா

ஜங்லிகாட்,
14.5.2012

என் செல்லத் தங்கச்சி,

எனக்குக் கப்பல் கிடைக்க இன்னும் நாளாகும். ஹெலிகாப்டரில் வரும் நர்ஸ் ஜெயமணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கதவைத் திறந்து வாங்கிக்கொள். நீ யாருக்கும் திறப்பதில்லை, உள்ளே யாருடனோ பேசிச் சிரிக்கிறாய் என்று உதயசூரியன் போனில் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணி சாமி விளக்கை அணையவிடவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்றால் வேண்டாம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு நீலாவதி வீட்டுக்குப் போ, நான் வரும்வரை அங்கேயே படு. அந்தக் கட்டிலில் மட்டும் படுக்காதே.

அந்தப் பலகையை அளந்து அறுத்தவன் நான். ஒரு சாண் அகலம்தான் அது. உள்ளங்கை வைத்தால் பலகை முடிந்தது. அதற்குக் கீழே மரமே கிடையாது அகிலா, நீ தலை வைக்கிற இடம்தான் இருக்கிறது.

உன் அண்ணன்,
கோவிந்தராஜ்